எல்விஸுக்கே இல்லை என்றவர்: பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மறுபடியும் ஒருவர், கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகு ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். இளம் பாடலாசிரியர், நன்றாக எழுதுகிறவர். கையில் கொடுத்த தொகை ஒரு மாத வீட்டு வாடகைக்குக் காணாது. பதிலுக்கு அவர் எழுதிக்கொடுத்திருப்பது: “உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக, இப்போது வழக்கில் உள்ள மற்றும் இனி கண்டுபிடிக்கப்படும் அனைத்து ஊடகங்களிலும், எல்லா உரிமைகளும்.” ஏனப்பா படிக்கவில்லை என்று கேட்டால், “பெரிய பாடகர் பாடப்போகிறார் என்றார்கள் சார். அதற்கு மேல் என்ன பார்ப்பது?” என்கிறார்.

இந்த வாக்கியத்தை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். வாயில் வருகிற வார்த்தைகள் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஆகவே சட்டப் பிரிவு எண்களை அடுக்குவதற்கு முன்னால் ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன். பிரிவைப் பாடும் பாட்டு அது. அமெரிக்காவின் நாட்டுப்புற (‘கன்ட்ரி’) இசைக்காரர்கள் எத்தனையோ பிரிவுப் பாட்டுகளை எழுதியிருக்கிறார்கள் என்றாலும், பாட்டைப் போலவே அதன் உரிமைப் பத்திரத்தையும் உலகமே பேசியது இதற்குத்தான்.

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்றதும் உங்களில் பெரும்பாலோர் விட்னி ஹூஸ்டன் பாட்டு என்பீர்கள். பாடியவர் அவர். எழுதியவரும் மெட்டமைத்தவரும் டாலி பார்ட்டன். டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 1964-ல் நாஷ்வில் நகரத்துக்குப் பாட்டு எழுத வந்தவர். 1967-ல் போர்ட்டர் வாகனர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். டாலியை வீடுதோறும் கொண்டுசேர்த்தது அந்த நிகழ்ச்சிதான். ஐந்து ஆண்டுகள் இருப்பதாகச் சொல்லிச் சேர்ந்தவர், அந்தக் கெடு தாண்டியதும் தனியாகப் போக வேண்டும் என்றார். வாகனர் கேட்கிற ஆள் இல்லை. வாதாடிப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட டாலி, 1973-ல் வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதி, மறுநாள் அவர் முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்டினார். கேட்டுவிட்டு வாகனர் கண் கலங்கினாராம்.

ஆக, இது காதலன் காதலிக்கு எழுதிய பாட்டு அல்ல, வேலையை விட்டுப் போகிறவர் முதலாளிக்குச் சொன்ன விடை. நான் இருந்தால் உன் வழிக்கு இடைஞ்சல், அதனால் போகிறேன், நன்றாக இரு என்பதுதான் அதன் சாரம். கல்யாண வரவேற்பில் மணமக்களை மேடையேற்றும்போது இதை ஒலிக்கவிடும் அன்பர்கள் ஒரு தடவையாவது வரிகளைக் காதில் வாங்கினால் நல்லது.

இன்னொன்று, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் ருசிக்கும் செய்தி. கண்ணீரோடு வழியனுப்பிய வாகனர், 1979-ல் ஒப்பந்தத்தை மீறியதாக டாலிமீது முப்பது லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. மனத்தாங்கல் பாட்டில் தீர்ந்துவிடலாம், ஒப்பந்தம் பாட்டில் தீராது.

பாட்டு 1974-ல் வெளிவந்து, அமெரிக்க நாட்டுப்புற இசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பிறகு, ‘ராக் அண்ட் ரோலின் ராஜா’ என்று கொண்டாடப்பட்ட பாடகர் எல்விஸ் பிரெஸ்லியிடமிருந்து அழைப்பு வந்தது. எல்விஸ் இதைப் பாடப்போகிறார், பதிவுக்கு வாருங்கள் என்றார்கள். டாலி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பதிவுக்கு முந்தைய நாள் எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் பேசினார். (கர்னல் என்பது லூசியானா ஆளுநர் கொடுத்த கௌரவப் பட்டம். பார்க்கர் எந்தப் படையையும் நடத்தியதில்லை, பேரம்தான் நடத்தினார்.) எல்விஸ் பாடுகிற எந்தப் பாட்டானாலும் வெளியீட்டு உரிமையில் (பாட்டு எங்கே பயன்பட்டாலும் வரும் பணத்தில் வெளியீட்டாளருக்கான பங்கு) பாதியாவது எங்களுக்கு வந்தாக வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றார். டாலி முடியாது என்றார். இரவெல்லாம் அழுதேன் என்று பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டின் எல்விஸ் பதிவு வரவே இல்லை.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். “எல்விஸ் பாட டாலி அனுமதி மறுத்தார்” என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் தங்கள் குரலில் பதிவு செய்து விற்கலாம். சட்டம் சொல்லும் கட்டணத்தை எழுதியவர் தரப்புக்குக் கொடுத்துவிட்டால் போதும், எழுதியவரைக் கேட்க வேண்டியதில்லை. 1909-ல் போட்ட கட்டணம் பிரதிக்கு 2 சென்ட். எல்விஸ் காலத்திலும் அதே 2 சென்ட்தான். அதாவது, டாலி தலையாட்டினாலும் ஆட்டாவிட்டாலும் எல்விஸ் அந்தப் பாட்டைப் பாடியிருக்கலாம். கர்னல் கேட்டது பாடும் அனுமதியை அல்ல. சொத்தில் பங்கைக் கேட்டார்.

எவ்வளவு பங்கு? நாஷ்வில் வழக்கப்படி அந்த 2 சென்டில் பாதி எழுத்தாளருக்கு, பாதி வெளியீட்டாளருக்கு. டாலி புத்திசாலி, வெளியீட்டையும் சொந்த நிறுவனத்திலேயே வைத்திருந்தார். எனவே இரண்டும் அவருக்கே. வெளியீட்டில் பாதி என்றால் பிரதிக்கு அரை சென்ட். “அரை சென்டுக்கா எல்விஸை விட்டார்?” என்று கேட்பீர்கள். என் இளைஞரும் அதையேதான் கேட்டார். எல்விஸ் பாடிய இசைத்தட்டில் மட்டும் அரை சென்ட் என்றால் நானே கொடுக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் வெளியீட்டு உரிமை என்பது பாட்டின்மீது இருப்பது. அதில் பாதியை எழுதிக்கொடுத்தால், எல்விஸுக்குப் பிறகு வருகிறவர் பாடினாலும், வானொலியில் ஒலித்தாலும், படத்தில் வந்தாலும் பங்கு போய்க்கொண்டே இருக்கும். அறுவடையில் ஒரு மூட்டை கேட்பதற்கும் பட்டாவில் பெயர் சேர்க்கச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது.

யாரோ பாடியதற்கு எதற்கு டாலிக்குப் பணம் என்று இன்னும் குழம்புகிறவர்களுக்காக: ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் சேர்ந்தது ஒன்று. அதை ஒருவர் பாடி, வாத்தியங்கள் வாசித்து, பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவது எழுதியவருடையதும் மெட்டமைத்தவருடையதும். இரண்டாவது பெரும்பாலும் பணம் போட்ட நிறுவனத்துடையது. ஒரே பாட்டுக்கு நூறு ஒலிப்பதிவுகள் வரலாம், நூறுக்கும் கீழே கிடப்பது அதே முதல் சொத்துதான். பாடகருக்குப் புகழ் சேரும், கூலி சேரும், ஒப்பந்தம் நன்றாக இருந்தால் விற்பனையில் பங்கும் சேரும். ஆனால் பாடிய காரணத்தால் பாட்டு அவருக்குச் சொந்தமாகிவிடாது. கேட்கிறவர்கள் இதைத் தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. எழுதுகிறவர்களே தெரியாமல் இருக்கும்போதுதான் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

எல்விஸ் வாய்ப்பு கைநழுவியபின் நடந்ததைப் பாருங்கள். 1975-ல் லிண்டா ரான்ஸ்டாட் பாடினார். 1982-ல் ஒரு திரைப்படத்துக்காக டாலியே மறுபடி பாடி, அதே பாட்டை அதே பட்டியலில் மீண்டும் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். 1992-ல் ‘தி பாடிகார்ட்’ படம். அதற்கு முதலில் தேர்ந்தெடுத்திருந்தது வேறொரு பழைய பாட்டு. அது இன்னொரு படத்தில் வந்துவிட்டதால், நாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தது ரான்ஸ்டாட் பாடிய பதிவு. அதில் கடைசிச் சரணம் இல்லை. இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் தொலைபேசியில் பேசியபோது டாலிக்கு இது தெரியவந்து, இன்னொரு சரணம் இருக்கிறதே என்று அதையும் கொடுத்தார். போகிறவர் இருக்கிறவரை வாழ்த்தும் இடம் அது. விட்டிருந்தால் பாட்டு பாதியில் நின்றிருக்கும். தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் குரல் மட்டும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் காஸ்ட்னர். இசைத்தட்டு நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. இன்று உலகம் அந்தத் தொடக்கத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

விட்னியின் பதிவு அமெரிக்கப் பட்டியலில் தொடர்ந்து 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அன்றைக்கு அதுதான் சாதனை. படத்தின் இசைத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் விற்றது. 2 சென்டாக இருந்த கட்டணமும் அதற்குள் 6 சென்டைத் தாண்டியிருந்தது. இதைவிட வேடிக்கை வானொலி. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள் பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் மட்டுமே பணம் தர வேண்டும். பாடியவருக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் சட்டப்படி ஒன்றுமில்லை. இன்றுவரை அப்படித்தான். அந்த 14 வாரங்களில் ஒவ்வொரு முறை வானொலியில் விட்னியின் குரல் எழுந்தபோதும் சில்லறை விழுந்தது டாலியின் பெட்டியில். எல்விஸின் மாளிகையையே வாங்கும் அளவுக்குப் பணம் வந்தது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

எல்லாருக்கும் இப்படி வாய்த்ததா? அதே நாஷ்வில் வட்டாரத்தில் பெரும்புகழ் பெற்ற வில்லி நெல்சன், கையில் காசில்லாத நாட்களில் ஒரு பாட்டை 50 டாலருக்கும் இன்னொன்றை 150 டாலருக்கும் விற்றார். முதலாவது, வேறொருவர் பாடி 1960-ல் பட்டியலில் ஏறியது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நெல்சன் பெயர் இல்லை. பசிக்கு விற்றவரை நான் குறைசொல்ல மாட்டேன். பசியில்லாமல், பெரிய பெயரைக் கேட்ட மயக்கத்தில் விற்பவர்களைத்தான் திட்டுகிறேன்.

இனி நம் ஊர்ச் சட்டம், சுருக்கமாக. 2012-ல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த வரிகளுக்கும் இசைக்கும் வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை, எழுதியவரே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ (எழுதியவர்கள் சார்பில் ராயல்டி வசூலிக்கும் அமைப்பு) மட்டும்தான் கொடுக்கலாம். படம் திரையரங்கில் ஓடும்போது மட்டும் இது பொருந்தாது. “ராயல்டி எதுவும் கோரமாட்டேன்” என்று கையெழுத்து வாங்கும் நிறுவனங்களுக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். “இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள்” என்ற வரியும் அப்படித்தான். கையெழுத்திட்ட நாளில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை மாற்றம், அந்த ஊடகத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, செல்லாது. இந்த அளவுக்கு அந்த இளைஞர் தப்பித்தார்.

ஆனால் சட்டம் காப்பாற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். காப்பாற்றத்தான் செய்யும், நீதிமன்றப் படியேறி, பல ஆண்டுகள் கழித்து. எந்தப் பாட்டு, எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு பணம் என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். “எல்லா உரிமைகளும்” என்ற சொல்லைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். “இன்றைக்கே போட்டாக வேண்டும், பாடகர் ஸ்டூடியோவில் காத்திருக்கிறார்” என்பார்கள். காத்திருக்கட்டும். பாடகர் பாட வேண்டுமானால் பாடட்டும், அதற்கு அனுமதி கொடுங்கள், உரிமையைக் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள், உங்கள் பாட்டு எங்கெங்கோ ஒலிப்பதை உங்களால் தனியாகத் துரத்த முடியாது. எழுதிய வரிகளைத் தேதியோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பதிவு செய்தால்தான் பதிப்புரிமை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எழுதிய கணமே அது உங்களுடையது. (மாதச் சம்பளத்துக்கு எழுதுகிறவர்கள் கதை வேறு, அவர்கள் தனியாக வந்து கேளுங்கள்.)

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் உடைந்துபோக வேண்டாம். ஒப்பந்தத்தில் கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான், எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்று பிரிவு 19 சொல்கிறது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டிருந்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். இப்படிக் கதவுகள் சில திறந்திருக்கின்றன. நகல் கையில் இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள், கேட்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரைப் பார்க்க வரும்போது ஒப்பந்தம், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், பேச்சு நடந்த வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். கோபத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிட்டு வந்து என் முன்னால் உட்காராதீர்கள்.