ஃபைலை வாங்கினால் மண்மேடு நிற்குமா?

"மண்மேடு சரிந்து தொழிலாளி பலி." மலையகத்தில் மழை தொடங்கினால் இந்தத் தலைப்பும் பத்திரிகையில் தொடங்கிவிடுகிறது. ஊர் மாறும், வயது மாறும். உள்ளே வாசித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். தடுப்புச்சுவர் கட்ட மேட்டை வெட்டியிருப்பார்கள். வெட்டிய மண்ணுக்கும் எழும்புகிற சுவருக்கும் இடையில் இரண்டு பேர் குனிந்து வேலை செய்திருப்பார்கள். இந்தப் பருவத்திலும் அதே செய்தியை வாசித்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

நிர்மாணக் கம்பனிகள் தொழில்சார் பாதுகாப்புச் சான்றிதழ் பெற உதவுவதுதான் என் தொழில். ஐ.எஸ்.ஓ. 45001 தரத்துக்கு ஒரு கம்பனியைத் தயார்ப்படுத்தி, இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் போன்ற, சான்றிதழ் வழங்கும் இடத்தின் கணக்காய்வுக்கு நிறுத்துவது. டென்டரில் கேட்கிறார்கள் என்பதற்காகத்தான் பலர் வருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வந்தவுடன் கேட்பது இதுதான்: "சேர், ஃபைல் ஒன்று செய்து தாங்க. டென்டர் மூட பத்து நாள்தான் இருக்கு."

அண்மையில் ஒரு கம்பனி எங்கேயோ வாங்கிய ஃபைலோடு வந்தது. "இதைக் கொஞ்சம் பார்த்துச் சரி என்று சொல்லுங்க, போதும்" என்றார் உரிமையாளர். புரட்டினேன். டவர் கிரேனை இயக்கும் முறை இருந்தது. நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் காற்றோட்டம் எப்படி என்று இரண்டு பக்கம் இருந்தது. கம்பனிப் பெயரை எல்லா இடத்திலும் மாற்றியவர் ஒரு பக்கத்தில் மட்டும் மறந்துபோய், கொழும்பில் மாடிக் கட்டடம் கட்டும் வேறொரு கம்பனியின் பெயரை அப்படியே விட்டிருந்தார். இவர்களுடைய சைட்டோ ஹட்டனுக்கு மேலே, தேயிலைச் சரிவில். பன்னிரண்டு அடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். தோண்டிய மண்ணை அதே விளிம்பில் குவித்து, அதற்கு மேலே மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தையும் நிறுத்தியிருந்தார்கள். கீழே இரண்டடி இடைவெளியில் ஒரு அண்ணன் கருங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். தலையில் புது ஹெல்மெட், உள்பட்டியில் சுற்றிய பொலித்தீன்கூடப் பிரிக்கவில்லை. கேட்டேன். "காலையிலதான் குடுத்தாங்க ஐயா, நீங்க வர்றீங்கன்னு" என்றார்.

அந்த ஃபைலில் மண்மேடு என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

சான்றிதழ் ஃபைலுக்குக் கிடைப்பதில்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் ஏறுவதில்லை, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கணக்காய்வு இரண்டு கட்டமாக நடக்கும். ஆவணங்களைப் பார்ப்பது முதல் கட்டம். இரண்டாவது கட்டத்தில் கணக்காய்வாளர் சைட்டுக்கு வருவார். உங்களிடம் மட்டும் கேட்க மாட்டார், கல் சுமக்கிறவரிடமும் கேட்பார்: இந்த வேலையில் உங்களுக்கு என்ன ஆபத்து? மழை வந்தால் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள்? யாரிடம் சொல்வீர்கள்? சொன்னால் வேலை போய்விடுமா? அவருடைய பதிலும் ஃபைலில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஆபத்தை இனங்காணும்போது தொழிலாளர்களையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அந்தத் தரமே சொல்கிறது. வாங்கிய ஃபைலில் யாரைக் கேட்டிருப்பார்கள்? சான்றிதழ் கிடைத்த பிறகும் விடமாட்டார்கள். மூன்று வருடம் செல்லுபடியாகும், நடுவில் ஆண்டுதோறும் வந்து பார்ப்பார்கள்.

"நாங்கள் சீடாவில் நல்ல தரத்தில் பதிந்திருக்கிறோமே" என்பது அடுத்த சாக்கு. சீடா என்கிற நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் தரப்படுத்தல் உங்கள் பண வலு, இயந்திரம், ஆளணி, செய்த வேலை ஆகியவற்றைச் சொல்லும். நேற்று வெட்டிய மேடு இன்றிரவு நிற்குமா என்று சொல்லாது.

"அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, சப் கொந்தராத்து" என்பதைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். 45001இல் கொந்தராத்துக்காரரின் ஆட்களும் உங்கள் பொறுப்புக்குள்தான். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்திலும் பிரதான நிறுவனம் கையைக் கழுவிவிட்டுப் போக முடியாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைக்கும் பொருந்தும், விபத்து நடந்தால் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வைத்தியசாலையில் "வீட்டில் விழுந்தார்" என்று எழுதவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்தக் குடும்பத்தின் நட்டஈடு அந்த ஒரு வரியோடு போய்விடுகிறது.

சரி, மண்ணுக்கு வருவோம். "நாங்கள் பிறந்து வளர்ந்த மலை, இந்த மண் கல்லு மாதிரி நிற்கும்" என்பார்கள். வெயில் நாளில் நிற்கும்தான். ஈரம் ஏறினால் அதே மண் வேறு மண். ஒரு கன மீற்றர் ஈரமண் ஏறக்குறைய இரண்டு தொன். நெஞ்சுவரை புதைந்தாலே மூச்சு விட முடியாது, தலை வெளியே இருந்தும் ஆள் இறந்துபோகலாம். பன்னிரண்டு அடி மேட்டின் கீழ் நிற்பவருக்கு ஹெல்மெட் எதற்கு உதவும்? ஆபத்தை இல்லாமல் செய்வது முதலில், மாற்று வழி, பொறியியல் ஏற்பாடு, வேலை ஒழுங்கு எல்லாம் அதற்குப் பிறகு, தலைக்கவசமும் சப்பாத்தும் கடைசியில். இந்த வரிசையையே தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். எடுக்கிறீர்கள், பிரதேச சபைக்குக் கொடுக்கிறீர்கள், அதோடு மறந்துவிடுகிறீர்கள். எவ்வளவு உயரம் வெட்டலாம், நீர் எங்கே வடிய வேண்டும், சுவர் எங்கே வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கின்றன. பெக்கோ ஓட்டுகிற தம்பி அதைக் கண்டதே இல்லை. ஒரு பிரதி எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, சைட்டில் ஒட்டுங்கள். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மட்டும் பலகை வைப்பது யாருக்காக?

வேலையைத் தொடங்கும் முன் காலத்தைப் பாருங்கள். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்குள் மேடு வெட்டாதீர்கள், ஜனவரி முதல் மார்ச் வரை வெட்டி முடியுங்கள். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்லது. அங்கே அப்போது கச்சான் காற்று அடிக்கும், கட்டடச் சாரத்தை இறுக்கிக் கட்டுங்கள். ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் வேண்டாம். மீரியபெத்தை மண்சரிவு 2014 ஒக்டோபர் 29, டித்வா புயல் 2025 நவம்பர். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து போடாதீர்கள். துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுக்குச் சுவரை எழுப்பிவிட்டு அடுத்ததைத் திறங்கள். படி படியாகச் சரித்து வெட்ட இடமிருந்தால் அப்படியே செய்யுங்கள், இடமில்லாவிட்டால் முட்டுக் கொடுக்காமல் கீழே ஆளை இறக்காதீர்கள். மேலே நீர் திருப்பும் கான் முதலில், சுவர் பிறகு. விளிம்பில் மண், கல், வாகனம் எதுவும் கூடாது. மாலையில் வெட்டுமுகத்தைப் படங்கால் மூடுங்கள். மேலே புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எல்லாரும் வெளியே வரவேண்டும். அப்புறம்தான் தொலைபேசி: அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மலையக சைட்டுக்கு ஆபத்துப் பட்டியல் எழுதும்போது குளவியையும் மறக்காதீர்கள். நான் பார்த்த எந்த வாங்கிய ஃபைலிலும் குளவி இருந்ததில்லை.

ஒரு மழைமானி வாங்கி வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகள் எளிமையானவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார், 150ஐத் தாண்டினால் அந்த இடத்தில் யாரும் இருக்கக்கூடாது. வீடுகளுக்கே இந்த அளவுகள். புதிதாக வெட்டிய மேட்டின் கீழே அவ்வளவு தூரம் காத்திருக்காதீர்கள், நல்ல மழை இறங்கினால் ஆளை வெளியே எடுத்துவிடுங்கள். காலையில் அளவைப் பார்த்து எழுதும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். கணக்காய்வாளருக்கு அந்தக் கொப்பியைக் காட்டினால், வாங்கிய ஃபைல் முழுவதையும்விட அது பெறுமதி.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். மழை என்று வேலையை நிறுத்தினால் அன்றைய கூலியை வெட்டாதீர்கள். உடனடி ஆபத்து என்று கண்டால் தொழிலாளி வெளியேறலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது 45001. நாட்கூலியில் வீடு நடத்துகிற அண்ணன், கூலி போகும் என்றால் ஈரமண்ணுக்குக் கீழேதான் நிற்பார், வெளியே வரமாட்டார். டென்டருக்கு விலை போடும்போதே மழை நாள் கூலியையும் முட்டுக்கான செலவையும் கணக்கில் சேருங்கள். சேர்க்க முடியாத விலைக்கு அந்த வேலையை எடுக்காதீர்கள்.