செடியின் எதிர்ப்புத்திறனைத் தூண்டுவதற்குச் செடி கொடுக்கும் விலை

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மொட்டை மாடியில் சாடிகளில் மிளகாயும் தக்காளியும் வளர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சுருண்டுபோன மிளகாய் இலைகளைக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு அண்மையில் என்னிடம் வந்தார். "தம்பி, ஆறு கிழமையாக அஸ்பிரின் குளிசை கரைத்து அடிக்கிறேன். எதிர்ப்புச் சக்தி கூடும் என்றார்கள். சுருளல் நிற்கவில்லை, செடி வளரவும் இல்லை" என்றார். தாவர நோய்கள் குறித்து ஆலோசனை வழங்குபவன் என்ற வகையில் கொழும்பின் வீட்டுத்தோட்டங்களிலிருந்து இதே முறைப்பாட்டை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அஸ்பிரின் யோசனைக்கு அடிப்படை இல்லாமலில்லை. 1961 இல் ஃபிராங்க் ரொஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், புகையிலைச் செடியின் ஓர் இலையில் தேமல் வைரஸைத் தொற்றச் செய்து, சில நாட்களின் பின் தொற்றாத மற்ற இலைகளில் அதே வைரஸைத் தடவியபோது, அங்கே தோன்றிய புள்ளிகள் சிறிதாகவும் குறைவாகவும் இருக்கக் கண்டார். ஓரிடத்தில் பட்ட காயத்தின் செய்தி செடி முழுவதற்கும் போயிருந்தது. 1979 இல் இங்கிலாந்தில் ரேமண்ட் வைட், புகையிலை இலைகளில் அஸ்பிரின் கரைசலைச் செலுத்தியும் அத்தகைய எதிர்ப்பைப் பெற்றார். இந்த எதிர்ப்பு உருவாவதில் செடியே உற்பத்தி செய்யும், அஸ்பிரினுக்கு நெருங்கிய சேர்மமான சலிசிலிக் அமிலத்துக்கு முக்கிய பங்குண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

பலரும் கவனிக்கத் தவறுவது இதன் செலவையே. பாதுகாப்புப் புரதங்களை உருவாக்க நைதரசனும் சக்தியும் வேண்டும். அவை புதிய தளிருக்கும் காய்க்கும் போகவேண்டிய அதே கையிருப்பிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. ஜேர்மனியில் நோய்க்கிருமி இல்லாத நிலையில் கோதுமைக்கு எதிர்ப்பைத் தூண்டும் இரசாயனத்தைத் தெளித்துச் செய்த ஆய்வொன்று 2000 இல் வெளியானது. தெளிக்கப்பட்ட செடிகளில் கிளைகளும் கதிர்களும் மணிகளும் குறைந்தன. நைதரசன் பற்றாக்குறையால் வாடிய செடிகளில் இழப்பு மிகக் கடுமையாக இருந்தது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த மாதங்களில், பசளை கிடைக்காத குறையை இத்தகைய கரைசல்களால் ஈடுசெய்யலாமா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். பட்டினி கிடக்கும் செடியைப் போருக்கு ஆயத்தப்படுத்தினால் அது மேலும் மெலியும் என்றே நான் அவர்களுக்குச் சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன். நோயின் இழப்பு இலையில் புள்ளியாகத் தெரிகிறது; இந்த இழப்போ எந்தப் புள்ளியும் இல்லாமல், வராமற்போன காயாகவே முடிந்துவிடுகிறது.

இன்னொரு செலவும் உண்டு. ஆசிரியையின் மிளகாய்க்கு அதுவே பெரிதாகப் பொருந்துகிறது. இலை கடிக்கும் புழு பூச்சிகளை எதிர்க்கச் செடி பெரும்பாலும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற வேறொரு வழியை நாடுகிறது, இந்த வழியும் சலிசிலிக் வழியும் பல வேளைகளில் ஒன்றையொன்று அடக்குகின்றன. வெள்ளை ஈயின் இளம்பருவங்கள் தாமே சலிசிலிக் வழியைத் தூண்டிவிட்டு, தமக்குத் தீங்கான மற்ற வழியை மந்தப்படுத்துவது அரபிடொப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியில் 2007 இல் காட்டப்பட்டது. மிளகாய் இலைச் சுருளலுக்கு வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், பனிப்பூச்சி, சிற்றுண்ணி ஆகிய மூன்றுமே காரணமாகலாம் என்பதால், எது என்று பாராமல் அஸ்பிரின் அடிப்பது பூச்சிக்கே துணைபோவதாக முடியக்கூடும். கரைசல் செறிந்துவிட்டால் இலை கருகுவதும் உண்டு.

இவற்றைச் சொல்வதால் தூண்டுதலே வீண் என்று நான் கருதவில்லை. ஜப்பானில் நெல்லின் எரிபந்த நோய்க்கு எதிராக 1970களின் நடுப்பகுதியிலிருந்து பயன்படும் புரோபெனசோல் இந்த வகையைச் சேர்ந்ததே. பங்கசைத் தானே கொல்வதை விட, நெற்பயிரின் எதிர்ப்பை எழுப்பியே அது வேலை செய்கிறது. நோய் ஆண்டுதோறும் நிச்சயமாக வரும் வயலில் செலவைவிட வரவு அதிகம். மேலும், எதிர்ப்பை முழுதாக இயக்காமல் விழிப்பில் மட்டும் வைத்திருக்கும் முறையும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் அரபிடொப்சிஸில் செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி விழிப்பூட்டப்பட்ட செடிகளின் வளர்ச்சி இழப்பு மிகச் சிறிதாக இருக்க, நோய் தாக்கியபோது கிடைத்த நன்மை அதை விஞ்சியது. வேரோடு வாழும் சில சூடோமோனாஸ் பற்றீரியாக்களும் ஏறத்தாழ இவ்வாறே செடியை ஆயத்தமாக வைக்கின்றன. அதனால் வீட்டுத்தோட்டத்துக்கு, குளிசையைவிட நல்ல கூட்டெருவில் உயிரோட்டமுள்ள மண்ணையே நான் விரும்புகிறேன்.

ஆசிரியையிடம், அஸ்பிரினை நிறுத்திவிட்டு இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்க்கும்படியும், மிக மோசமான இரண்டு செடிகளை அகற்றி, மற்றவற்றுக்கு முதலில் எருவிடும்படியும் கூறினேன். எதிர்காலத்தில் எதைத் தெளிக்க நேர்ந்தாலும், நோய் வருமென்று அறிந்த பருவத்துக்குச் சில நாட்கள் முன்னரே தெளித்து, ஒரே வயதுச் சாடிகளில் பாதியைத் தொடாமல் விட்டு, இரண்டு பக்கத்துக் காய்களையும் தனித்தனியே எண்ணிக் குறித்துவைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.