பெயில் கொடுத்துட்டாங்க, கேன்சல் பண்ண முடியுமா சார்?

பாதிக்கப்பட்ட குடும்பத்துல இருந்து வர்றவங்க முக்காவாசி பேரு சொல்றது ஒண்ணுதான், "அவன் கொலை பண்ணவன் சார், எப்படி வெளிய விடலாம்?" கோபம் நியாயம்தான், ஆனா மேல் கோர்ட் அதை வச்சு மட்டும் பெயில் ஆர்டர்ல கை வைக்காது.

நாம பொத்தாம்பொதுவா பெயில் கேன்சல்னு சொல்றதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஆள் வெளிய வந்து சாட்சியை மிரட்டுறான், கண்டிஷன் கையெழுத்து போடாம தலைமறைவாயிட்டான், இது ஒரு ரகம். இதுக்கு ஆதாரம் வேணும், மிரட்டுன அன்னைக்கே ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் கொடுத்து சிஎஸ்ஆர் (புகார் வாங்குனதுக்கு போலீஸ் கொடுக்குற ரசீது) வாங்கி வைங்க, ஆறு மாசம் கழிச்சு வந்து "அப்பவே மிரட்டுனான்"னா ஜட்ஜ் நம்ப மாட்டாரு.

இன்னொண்ணு, ஆர்டரே தப்புன்னு போறது. இதுல அவன் வெளிய வந்து எவ்வளவு ஒழுங்கா இருந்தாலும் கணக்கில்ல, கீழ் கோர்ட் என்னத்தைப் பார்த்து பெயில் கொடுத்துச்சுங்கிறதுதான் கேள்வி. 2019-ல மஹிபால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இந்த ரெண்டையும் தெளிவா பிரிச்சு சொல்லியிருக்கு. பிரிவு என்னவோ ரெண்டுக்கும் ஒண்ணுதான், இப்ப இருக்குற குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 483(3), அதுக்கு முன்ன இருந்த சிஆர்பிசில 439(2).

அதனால நான் முதல்ல கேக்குறது ஆர்டர் காப்பி. குற்றம் எவ்வளவு பெருசு, முகாந்திரம் இருக்கா, சாட்சியைக் கலைப்பானா, ஓடிப்போவானா, இதையெல்லாம் தொடாம "வழக்கின் சூழ்நிலையையும் சிறையில் இருந்த நாட்களையும் கருதி"ன்னு ஒரே பாராவுல முடிச்சிருந்தா நமக்கு வழி இருக்கு. நானா இருந்தா கொடுத்திருக்க மாட்டேன்னு மேல் கோர்ட் ஜட்ஜுக்கு தோணுறது மட்டும் பத்தாது.

லக்கிம்பூர் கேரி கேஸையே எடுத்துக்கோங்க, 2021-ல உத்தரப்பிரதேசத்துல போராடுன விவசாயிங்க மேல கார் ஏத்திக் கொன்னதா சொல்ற கேஸ். அதுல முக்கியமா குற்றம்சாட்டப்பட்ட ஆசிஷ் மிஸ்ராவுக்கு 2022 பிப்ரவரில அலகாபாத் ஹைகோர்ட் பெயில் கொடுத்துச்சு, ஏப்ரல் 18 சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி ஒரு வாரத்துல சரணடையச் சொன்னுச்சு. காரணம், உடம்புல குண்டு காயம் இல்லன்னு ட்ரையல்ல பார்க்க வேண்டியதையெல்லாம் பெயில்லயே பார்த்துட்டாங்க, அதோட ஆன்லைன் ஹியரிங்ல பாதிக்கப்பட்டவங்க வக்கீல் லைன் கட்டாகி, திரும்ப கேளுங்கன்னு போட்ட மனுவையும் கண்டுக்கல. ஆனா அதே ஆளுக்கு 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே இடைக்கால பெயில் கொடுத்துச்சு, அதனால ரத்து ஆனா கேஸ் முடியுறவரை உள்ளதான்னு நினைச்சுக்காதீங்க.

கன்னட நடிகர் தர்ஷன் மேல இருக்குற கொலை கேஸ்லயும் 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட், கர்நாடகா ஹைகோர்ட் கொடுத்த பெயில் ஆர்டரைத்தான் ரத்து பண்ணுச்சு.

எங்க போறதுன்னா, செஷன்ஸ் கோர்ட் கொடுத்த ஆர்டருக்கு ஹைகோர்ட், ஹைகோர்ட் கொடுத்ததுக்கு சுப்ரீம் கோர்ட். ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் கொடுத்த பெயில் தப்புன்னு அதே ஹைகோர்ட்ல இன்னொரு ஜட்ஜ்கிட்ட போக முடியாது. எஸ்சி எஸ்டி வன்கொடுமை கேஸ்னா அந்தச் சட்டத்தோட 14ஏ பிரிவுல ஹைகோர்ட்டுக்கு அப்பீலாவே போகணும்.

பெயில் ஆர்டருக்கு உடனே ஸ்டே, அதாவது இடைக்காலத் தடை, கிடைக்குமான்னும் கேப்பாங்க. ரொம்ப அபூர்வம், 2024-ல பர்விந்தர் சிங் குரானா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதை கறாரா சொல்லிடுச்சு. செலவும் அலைச்சலும் வேற, அதுக்கு பெயில் மனு வரும்போதே எங்களையும் கேளுங்கன்னு இன்டர்வீன் மனு போட்டு, பிபி (அரசு வக்கீல்) கூட நின்னு எதிர்க்கிறது எவ்வளவோ மேல்.