சர்க்கரை பீட்டுக்குச் சாம்பல் சத்து: லாரியில் ஏறியதை மண்ணுக்குத் திருப்புவது எப்படி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்ஃபோக், சஃபோக், லிங்கன்ஷயர் வயல்களில், வேரிலிருந்து சர்க்கரை எடுக்கும் பயிரான சர்க்கரை பீட்டை மார்ச், ஏப்ரலில் விதைக்கிறார்கள். ஜூன் 21 நெருங்கும்போது வரிசைகளுக்கு நடுவே மண் தெரியாதபடி இலை மூடியிருக்க வேண்டும். ஆண்டின் மிக நீண்ட பகல்கள் அவை. வெறும் மண்ணில் விழுந்த வெயில் சர்க்கரையாகாது. இலை அவ்வளவு சீக்கிரம் விரிய, தழைச்சத்தோடு சாம்பல் சத்தும், அதாவது பொட்டாசியமும், ஏராளமாக வேண்டும்.

இளம் இலைச் செல்லின் நடுவே பெரிய நீர்ப்பை ஒன்று உண்டு. அதில் பொட்டாசியம் அயனிகள் சேரச் சேர, சவ்வூடுபரவலால் தண்ணீர் உள்ளே புகுகிறது. செல் உப்பி விரிகிறது. இலைத்துளைகள் திறப்பதும் மூடுவதும் இதே முறையில்தான். இலை தயாரித்த சுக்ரோஸைப் புளோயம் குழாயில் ஏற்றி வேருக்கு அனுப்பவும் பொட்டாசியம் தேவை.

நடுக்கோடையில் நல்ல பயிர் ஒன்று எக்டருக்கு 400 கிலோவுக்கு மேல் பொட்டாஷை (பொட்டாசியத்தை ஆக்சைடு கணக்கில் சொல்லும் பெயர்) தன்னுள் வைத்திருக்கும். அறுவடையில் வெளியேறுவதோ டன் வேருக்கு ஏறத்தாழ 1.7 கிலோதான். 80 டன் எடுத்தால் 136 கிலோ. மீதியில் பெரும்பகுதி இலையில் நிற்கிறது. அறுவடை எந்திரம் இலையை அரிந்து வயலிலேயே பரப்பிவிடுவதால் அது மண்ணுக்கே திரும்புகிறது. பயிரின் உச்சத் தேவையை மண்ணின் இருப்பு தாங்க வேண்டும்; லாரியில் ஏறிப்போனதை உரம் ஈடுகட்ட வேண்டும். இலையையும் மாட்டுத் தீவனத்துக்கு அள்ளிப்போனால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்: இழப்பு மூன்று, நான்கு மடங்காகும்.

இருப்பை அறிய மண் பரிசோதனையைத் தவிர வேறு வழியில்லை. வயலில் ஆங்கில டபிள்யூ எழுத்துப்போல் நடந்து, 15 செ.மீ. ஆழத்தில் 25 இடங்களில் மண் எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். உரமிட்ட சூட்டோடு எடுத்தால் முடிவு ஏமாற்றும். பிரிட்டிஷ் முறையில் லிட்டர் மண்ணுக்கு 121 முதல் 180 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதே இலக்கு. அந்த நிலையில், எடுத்ததை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். 120-க்குக் கீழே போனால் கூட்டி இட வேண்டும். 240-ஐத் தாண்டினால் அந்த ஆண்டு உரத்தையே நிறுத்தலாம். மணல் நிலத்தில் மட்டும் இருப்பை உயர்த்தப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பிடித்து வைக்கக் களிமண் துகள் இல்லாததால் மழைநீரோடு அது இறங்கிவிடும்.

மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் மூட்டையில் 60 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது பொட்டாசியம் ஆக்சைடு கணக்கு. மேலே சொன்ன கிலோக்களும் அதே கணக்குதான். 136 கிலோ வேண்டுமென்றால் 136-ஐ 0.6-ஆல் வகுக்க, எக்டருக்கு 227 கிலோ உரம் வரும். மாட்டுத் தொழுவுரம் 25 டன் இட்டிருந்தால் அதிலேயே 200 கிலோவுக்குக் குறையாத பொட்டாஷ் கிடைத்திருக்கும். இதைக் கழிக்க மறப்பவர்கள் அதிகம்.

இந்த உரம் பொட்டாசியம் குளோரைடு, ஓர் உப்பு. விதைப்புக்கு முந்தின நாள் தூவினால், முளைவிடும் விதையைச் சுற்றி உப்புச் செறிவு ஏறி, விதை தண்ணீர் உறிஞ்ச முடியாமல் திணறும். வறண்ட வசந்தத்தில் வரிசைகள் சொட்டையாகிவிடும். அந்த இடைவெளியைப் பிறகு எந்த உரமும் நிரப்பாது. களிமண் நிலத்தில் இலையுதிர் காலத்திலேயே தூவி உழுதுவிடலாம். மணலில் குளிர்கால மழை அரித்துவிடும் என்பதால் ஜனவரி, பிப்ரவரி வரை பொறுக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளக் கூடாது.

சர்க்கரை பீட்டின் முன்னோர் கடற்கரையோரச் செடி. அதனால் நீர்ப்பையை நிரப்பும் வேலையில் பொட்டாசியத்துக்குப் பதில் சோடியத்தையும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். சோடியம் குறைந்த மணல் நிலங்களில் எக்டருக்கு 400 கிலோ அளவில் சாதாரண உப்பு இடுவது அங்கே நெடுநாள் வழக்கம். நொதிகளை இயக்கும் வேலையில் பொட்டாசியத்தின் இடத்தைச் சோடியம் பிடிக்காது. எனவே முழுக்க மாற்றிவிட முடியாது. வண்டல் களியில் உப்பு இட்டால் மண் கட்டமைப்பே குலையும். அங்கே சோடியம் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கவும் செய்கிறது.

அதிகமாக இட்டால் சர்க்கரை கூடுமா? கூடாது. வேரில் தங்கும் பொட்டாசியமும் சோடியமும் ஆலையில் சுக்ரோஸைப் படிகமாக விடாமல் வெல்லப்பாகில் நிறுத்திவிடும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் சூத்திரப்படி, 100 கிராம் வேரில் பொட்டாசியம் 1 மில்லிமோல் (ஏறத்தாழ 39 மில்லிகிராம்) கூடினால் 0.12 கிராம் சர்க்கரை பாகோடு போகும். 80 டன்னுக்கு 96 கிலோ! தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் வேரில் சேரும் அமினோ நைட்ரஜனுக்கு இந்தக் குணகம் இரு மடங்கு, 0.24. தழைச்சத்தை அள்ளிக் கொட்டுபவர் பொட்டாஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

பற்றாக்குறையை ஜூலையில் முதிர்ந்த இலைகளில் பாருங்கள். நரம்பு பச்சையாகவே இருக்க, ஓரம் மங்கி, தோல்போலப் பழுப்பேறிக் கருகும். கருகல் நரம்புகளுக்கு இடையே உள்நோக்கிப் பரவும். ஓரம் கருகுவதற்கு முன், நரம்புகளுக்கு நடுவே வெளிர் மஞ்சள் படர்ந்திருந்தால் மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள். பொட்டாஷ் மிகுந்தால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். அந்த வயலில் இன்னும் பொட்டாஷ் இட்டால் மஞ்சள் கூடத்தான் செய்யும்.