தட்டையானது பட்டையா, வண்டா?

பயிர்ப் பாதுகாப்புத் துண்டறிக்கைகளில் 'தட்டைப் பட்டை வண்டு' என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. தட்டையாக இருப்பது வண்டு, பட்டை அல்ல. 'ஃபிளாட் பார்க் பீட்டில்' (flat bark beetle) என்ற மூன்று ஆங்கிலச் சொல்லையும் வரிசை மாறாமல் தமிழில் இறக்கி வைத்திருக்கிறார்கள். தமிழில் அடைமொழி எதை ஒட்டி நிற்கிறதோ அதற்குத்தான் போய்ச் சேரும். நடுவில் 'ப்' வேறு மிகுந்து 'தட்டைப் பட்டை' என்று இறுகிவிட்ட பிறகு வண்டுக்கு அதில் பங்கே இல்லை.

பூச்சி எது என்றால், கிரிப்டோலெஸ்டிஸ் புசில்லஸ். சுவீடன் பூச்சியியலாளர் ஷோன்ஹெர் 1817இல் பெயரிட்டது. கிரேக்கத்தில் 'கிரிப்டோஸ்' மறைவு, 'லெஸ்டிஸ்' கொள்ளைக்காரன். லத்தீனில் 'புசில்லஸ்' என்றால் மிகச் சிறியது. நீளம் 2 மில்லிமீட்டருக்குள்தான், செம்பழுப்பு நிறம், மேலிருந்து அமுக்கி விட்டதுபோல் சப்பையான உடம்பு, அந்த உடம்புக்கு மீறிய உணர்கொம்பு, ஆணுக்கு அது இன்னும் நீளம். முன்மார்பின் இரு ஓரத்திலும் மெல்லிய கோடு ஓடும். உலகமெங்கும் சேமிப்புத் தானியத்தில் இருக்கிறது, வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் அதிகம். இதன் குடும்பத்தில் பல இனங்கள் செத்த மரத்தின் பட்டைக்கு அடியில் வாழ்கின்றன. பெயரில் பட்டை வந்தது அதனால்தான்.

இதைவிட மோசம், இதே பூச்சியைப் 'பட்டைத் துளைப்பான்' என்பது. பட்டைத் துளைப்பான் முற்றிலும் வேறு வண்டு. உருண்டு திரண்ட உடம்போடு பட்டையைக் குடைந்து உள்ளே பாதை போட்டு முட்டை வைக்கிற கூட்டம். நம் சப்பைப் பூச்சி மரத்தைத் துளைப்பதில்லை, முழுத் தானியத்தைக்கூட அதனால் துளைக்க முடியாது. உடைந்த மணியிலும் விரிசல் கண்ட மணியிலும் புகுந்து முளைக்கருவைத் தின்னும். இதற்குப் போய்த் துளைப்பான் என்று பெயர் வைத்தால், சிவப்புக் கூன்வண்டுக்கும் காண்டாமிருக வண்டுக்கும் ஏற்கெனவே பயந்து கிடக்கிற பொள்ளாச்சித் தோப்புக்காரர் தென்னையை அண்ணாந்து பார்ப்பார், வண்டோ வீட்டுக்குள் சோள மூட்டையில் இருக்கும். பெயரே ஆளைத் தப்பான இடத்துக்கு அனுப்புகிறது என்றால் அந்தப் பெயர் எதற்கு?

சரி, பட்டையை விட்டுவிட்டு 'தட்டை வண்டு' என்று சுருக்கலாமே என்பார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். தட்டை என்றால் எங்களுக்கு முதலில் வருவது தட்டைப்பயறு, அப்புறம் மாட்டுக்குப் போடுகிற சோளத்தட்டை. கேட்பவர் பயறு வண்டு என்றோ தட்டுப்போரில் வருகிற பூச்சி என்றோதான் எடுத்துக்கொள்வார்.

சப்பை என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. சப்பை மூக்கு என்கிறோம், அடிபட்டு நசுங்கின பாத்திரம் சப்பையாகிவிட்டது என்கிறோம். மொழிபெயர்ப்பவர்களுக்கு அது கொச்சையாகப் படுகிறது போல. பேச்சில் புழங்குகிற சொல்லைக் கண்டாலே கூச்சம், அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டிவிடுவது. உழவருக்கு எழுதுகிறவர் உழவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

என் கணக்கில் குடும்பத்துக்குப் 'பட்டையடிச் சப்பை வண்டு'. இந்த இனத்துக்குத் 'தானியச் சப்பை வண்டு'. கனடாவின் குளிர்காலத்தையே தானியக் கிடங்கில் தாங்கி நிற்கிற இதன் உறவுக்காரன் கிரிப்டோலெஸ்டிஸ் ஃபெருஜினியஸ் இருக்கிறதே, அது 'துருநிறச் சப்பை வண்டு'.