விறகுக் காட்டுக்குள் சிறுத்தை நடக்கும் பாதை

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், நாயொன்று ராத்திரியில் காணாமல் போனால் காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரே பேச்சுதான்: "புலி வந்துட்டுப் போயிருக்கு." இலங்கையில் புலி கிடையாது, அது சிறுத்தை, அதை விடுங்கள். எனக்கு இடிப்பது அந்த "வந்துட்டு" என்ற சொல். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, விறகு வெட்டுகிற யூகலிப்டஸ் காட்டில், லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அது பகல் முழுக்கப் படுத்தே கிடந்திருக்கும்.

1873இல் வெள்ளைக்காரர் 5000 அடிக்கு மேலே காடு வெட்டக்கூடாது என்று நிறுத்தினார்கள். அதனால்தான் நம் மலைகள் மொட்டையடித்துக் குடுமி விட்டது மாதிரி நிற்கின்றன, கீழே தேயிலை, உச்சியில் காடு. சிவனொளிபாதமலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன, சந்தோஷம். ஆனால் சிறுத்தைக்குப் பட்டியல் தெரியாது, ஒரு குடுமியிலிருந்து இன்னொன்றுக்குப் போக அது தோட்டத்துக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும்.

அதற்கு வேண்டியது மறைவு. காட்டு மரமா, வெளிநாட்டு மரமா என்று அது பார்ப்பதில்லை, படுக்க இடமும் ஓடை வரைக்கும் விட்டுப்போகாத ஒரு பச்சைக் கோடும் இருந்தால் போதும். பத்து ஏக்கர் யூகலிப்டஸை ஒரே மூச்சில் வெட்டினால் அது வேறெங்கே போகும், லயத்துக்குப் பின்னாலுள்ள பள்ளத்துக்குத்தான். துண்டு துண்டாக, ஓர் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனால், மற்ற ஓரத்துக்கு வருவதற்குள் முதலில் வெட்டிய அடிக்கட்டைகள் துளிர்த்து ஆளுயரம் தாண்டியிருக்கும். ஸ்டோருக்கு விறகும் குறையாது. ஓடைக்கரை மரத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது.

பொகவந்தலாவைப் பக்கம் சிறுத்தை ஆய்வாளர்கள் அஞ்சலி வாட்சனும் அண்ட்ரூ கிட்டிலும் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டி இந்த நடமாட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். சிறுத்தையின் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதிலும் இடது விலாவும் வலது விலாவும் வேறு வேறு, அதனால் பாதையின் இரண்டு பக்கமும் கேமரா வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரே சிறுத்தையை இரண்டாக எண்ணிவிடுவோம்.

தேவாங்கின் கதை வேறு. உள்ளங்கையில் அடங்குகிற பிராணி, தாவத் தெரியாது, கிளைக்குக் கிளை பிடித்துத்தான் நகரும். இரண்டு மரத்தின் கிளைகள் தொடாவிட்டால் அதன் உலகம் அங்கேயே முடிந்தது. சிறுத்தைக்குப் போதுமான அதே விறகுக் காடு இதற்கு உதவாது, ஓடையோரத்துப் பழைய மரங்கள்தான் வேண்டும்.

அப்புறம் இந்த பைனஸ், ஊசியிலை மரம். 1970களிலும் 80களிலும் வெறும் மானாப்புல் சரிவுகளில் வரிசையாக நட்டார்கள். கீழே காய்ந்த ஊசியிலை மெத்தைதான், வெயில் காலத்தில் ஒரு தீக்குச்சி போதும். அதற்காக முழுக்க வெட்டித் தள்ளவும் கூடாது. தாழ்நில மழைக்காடான சிங்கராஜவன ஓரத்தில் காட்டு ஆய்வாளர்கள் மார்க் அஷ்டனும் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியும் பைனஸ் வரிசைகளை இடையிடையே எடுத்துவிட்டு மழைக்காட்டுக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். முழு நிழலில் கன்று ஏங்கிப்போகும், முழு வெயிலில் கருகும். மூன்று வரிசை எடுத்த சந்தில் பல இனங்கள் நன்றாக எழுந்தன. மேலே நம் குளிருக்கு மர இனங்கள் மாறும், வெளிச்சக் கணக்கு மாறாது.

சரி, மரத்தை ஒழுங்காக வெட்டினாலும் ஒரு கம்பி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பன்றிக்கு வைக்கிற சுருக்கு, பெரும்பாலும் பழைய கிளட்ச் கேபிள். பன்றித் தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கும். தலையும் முன்னங்காலும் நுழைந்தபின் இடுப்பில் இறுகும், இழுக்க இழுக்க இன்னும் இறுகும். அவிழ்த்துவிட்டாலும் உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கியிருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் இப்படிச் சிக்கிய ஒரு கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும் சில நாளில் செத்துப்போனது.

அமெரிக்காவில் மெனோமினி பழங்குடியினர் தங்கள் காட்டைத் தாங்களே நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக வெட்டி விற்கிறார்கள், ஆனாலும் அங்கே இன்று நிற்கிற மரம் அன்றைக்கு நின்றதைவிட அதிகம். நிலம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. நம் தோட்டத்து ஆட்களுக்கு லயமே சொந்தமில்லை. ஆனால் எந்தத் தொங்கல் ஓரத்தில் பன்றித் தடம் இறங்குகிறது, எந்த வடிகால் கானுக்குள் சிறுத்தைக் குட்டி கிடக்கிறது என்று முதலில் பார்ப்பது கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள்தான். குட்டியைக் கண்டால் தூக்காமல் அந்தத் தேயிலை நிரையை விட்டு அடுத்த மலைக்குப் போனால், பெரும்பாலும் இருட்டியதும் தாயே வந்து கவ்விக்கொண்டு போய்விடும். இந்த வருஷம் விறகுக் காட்டை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்று பேசும்போது, நான் பார்த்த தோட்டங்களில் இவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டதில்லை.