மரமும் ஒரு திரிதான்

நான் கடைந்த முதல் மர விளக்கு ஒரே இரவில் ஒழுகிவிட்டது. வெடிப்பு எதுவும் இல்லை. வழவழப்பாகக் குடைந்து, உள்ளே இரண்டு கோட் வார்னிஷ் அடித்து, எண்ணெய் ஊற்றி மேசைமேல் வைத்திருந்தேன். காலையில் தூக்கிப் பார்த்தால் அடியில் வட்டமாக எண்ணெய்க் கறை. ஓட்டை எங்கே என்று விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதன் அடிப்பாகம் முழுக்கவே ஓட்டைதான் என்று புரிய ஒரு வாரம் ஆனது.

உயிரோடு நின்றபோது அந்த மரம் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்கான குழாய்கள் மரம் காய்ந்த பிறகும் அப்படியே இருக்கின்றன. ஓக் போன்ற மரங்களில் அவற்றின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் வரை போகும். வெட்டுமுகத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். சிவப்பு ஓக்கின் சிறு துண்டு ஒன்றை எடுத்து ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் அது நடக்காது. அதன் குழாய்களை மரமே அடைத்துக்கொண்டுவிடுகிறது. பீப்பாய் செய்ய அதைத் தேடிப் போவதற்குக் காரணம் அதுதான்.

சின்ன விளக்குகளைப் பெரும்பாலும் நார் மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்தே கடைகிறோம். ஆகவே குழாய்கள் எல்லாம் குழியின் தரையில் வாய் திறந்து, விளக்கின் அடியில் வந்து முடிகின்றன. ஒரு கட்டுத் திரியின் மேல் எண்ணெயை ஊற்றியது போல. வார்னிஷில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தால் போதும், எண்ணெய் வழி கண்டுபிடித்துவிடும்.

உண்மையான திரியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நூலிழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் சுவரைப் பற்றிக்கொள்கிறது. பரப்பு இழுவிசை அதை மேலே இழுக்கிறது. இடைவெளி குறுகக் குறுக ஏறும் உயரம் கூடும். இந்த விகிதத்தை 1718 வாக்கில் ஆராய்ந்து சொன்னவர் ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கில அறிவியலாளர். கணக்குப் போட்டால், 0.1 மி.மீ. ஆரமுள்ள இடைவெளியில் விளக்கில் ஊற்றும் பாரஃபின் எண்ணெய் சுமார் 7 செ.மீ. ஏறும். கைக்கு அடக்கமான விளக்குக்கு அது தாராளம்.

ஆனால் ஏறும் உயரம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். எரிந்து தீரும் வேகத்துக்கு ஈடாக எண்ணெய் வந்து சேராவிட்டால் திரியே கருகிவிடும். ஆலிவ் எண்ணெய் மண்ணெண்ணெயைவிட ஏறத்தாழ 50 மடங்கு கெட்டியாக ஓடுகிறது. தாவர எண்ணெய் விளக்குகள் அகல் போலத் தட்டையாக, சுடர் எண்ணெய் மட்டத்தை ஒட்டியே இருக்கும்படி அமைந்திருப்பது அதனால்தான். நீளமான மர விளக்கில் சமையல் எண்ணெயை ஊற்றிவிட்டுச் சுடர் ஏன் ஐந்து நிமிடத்தில் சுருங்குகிறது என்று குழம்ப வேண்டியதில்லை. அதற்காக பெட்ரோல் போன்ற எதையும் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாது. அது உறைபனிக் குளிரிலேயே தீப்பற்றும் ஆவியை விடும்.

ஒழுகலுக்குத் தீர்வு எளிது. எண்ணெய் மரத்தைத் தொடவே கூடாது. சோதனைக் குழாய் போன்ற சின்னக் கண்ணாடிக் குப்பியை மரத்துக்குள் இறக்கி, அதன் வாயில் திரியைப் பிடித்திருக்கும் கண்ணாடி மூடியைத் தளர்வாக உட்காரவைக்க வேண்டும். தளர்வாக என்பது முக்கியம். எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். இறுக்கி மூடினால், சூட்டில் விரியும் காற்று எண்ணெயைத் திரி வழியாக வெளியே தள்ளிவிடும்.

குப்பியும் துளையில் தளர்வாகத்தான் இருக்க வேண்டும். இங்கேதான் நான் இரண்டாவது விளக்கைக் கெடுத்தேன். பொருத்தம் கச்சிதமாக இருக்கட்டும் என்று அழுத்தி நுழைத்தேன். சில வாரங்களில் மரம் மேலிருந்து கீழாகப் பிளந்தது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்வரை நாரின் நீளவாக்கில் வெறும் 0.1 சதவீதம் அளவுதான் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 4, வளையங்களின் வாக்கில் சுமார் 8 சதவீதம். எனவே வட்டத் துளை மெல்ல முட்டை வடிவமாகிறது. காய்ந்த மரத்திலும் காற்றின் ஈரத்தைப் பொறுத்து இந்த ஆட்டம் ஓயாது. மரத்தின் ஈரம் 6 சதவீதம் மாறினால் 25 மி.மீ. துளை ஒரு திசையில் ஏறத்தாழ 0.4 மி.மீ. மாறும். கண்ணாடி கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. நான் இப்போது துளையை 1 மி.மீ. பெரிதாகவே போடுகிறேன்.

சரி, கட்டையைச் சுழற்றிக் கடையும் லேத்துக்கு வருவோம். முதலில் துளை, அப்புறம்தான் வெளி உருவம். கட்டை தடிமனாக இருக்கும்போதே துளைத்துவிட்டு, அந்தத் துளையையே மையமாகப் பிடித்து வெளியே கடைந்தால் சுவர் ஒரே தடிமனாக வரும். துளைக்கும்போது வேகத்தைக் குறைத்து, அடிக்கடி டிரில்லை வெளியே இழுத்துத் தூளை எடுக்க வேண்டும். சூடேறினால் வெட்டுமுகத்தில் மயிரிழை வெடிப்புகள் விழும்.

வெளியே கடையும்போது உளி எப்போதும் தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கி இறங்க வேண்டும். அப்படிப் போனால் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் முட்டுக்கொடுக்கிறது. எதிர்த்து ஏறினால் அந்த முட்டு இல்லை. நார் வெட்டுப்படாமல் நெம்பிக்கொண்டு பிய்கிறது, பரப்பு சொரசொரவென்று ஆகிவிடுகிறது. உளியின் சாய்ந்த முகம் மரத்தை உரசியபடி இருப்பதும் இதே அளவு முக்கியம், ஏனென்றால் கூர்முனை எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அந்த முகம்தான் கட்டுப்படுத்துகிறது. அது விலகிய நொடியில் முனை குத்தி இறங்கும், கட்டை உதறும், நெஞ்சும் உதறும். 60 மி.மீ. கட்டை நிமிடத்துக்கு 2400 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு விநாடிக்கு 7.5 மீட்டர் ஓடுகிறது. உருண்டையாகாத கட்டையை அந்த வேகத்தில் ஓட்டுவது தற்கொலை. முகக்கவசமும் தூசி முகமூடியும் அலங்காரத்துக்கு அல்ல. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

மரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் சுடர் இருந்தால் பற்றிக்கொள்ளாதா என்று பார்ப்பவர் எல்லோரும் கேட்கிறார்கள். சூடான வாயு மேலேதான் போகிறது. பக்கவாட்டில் கசியும் வெப்பத்தைக் கண்ணாடி மூடியின் அகன்ற விளிம்பு தடுக்கிறது. மரம் பற்ற அதன் பரப்பு 250 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடாக வேண்டும். திரி 2, 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்றால் அந்தப் பக்கமே போகாது. அதிகம் நீட்டினால் ஆவி கூடி, அதற்கேற்ற காற்று கிடைக்காமல் முதலில் கரிப்புகைதான் வரும். அதற்காக எரிகிற விளக்கை விட்டுவிட்டு எழுந்து போகலாம் என்று சொல்லவில்லை.

சாய்ந்து விழுவதுதான் அதைவிடப் பெரிய கவலை. அடிவட்டத்தின் ஆரம் 35 மி.மீ., எடைமையம் 40 மி.மீ. உயரத்தில் என்றால் சுமார் 41 டிகிரி சாயும்வரை விளக்கு திரும்பி நிமிர்ந்துவிடும். ஒல்லியாக அழகு பார்த்து ஆரத்தை 20 ஆக்கி, மையத்தை 60க்கு உயர்த்தினால் 18 டிகிரியிலேயே கவிழும்.

உண்மையில் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பயம் காட்டியது வேறொரு நெருப்பு. மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணி அது. அந்த எண்ணெய் ஈரம் போல உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பத்தை விடுகிறது. துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, தீக்குச்சியே இல்லாமல் துணி தானாகப் பற்றலாம். அதனால் மெருகு முடிந்ததும் துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே மடிப்பில்லாமல் விரித்துப் போட்டுவிட்டு வருகிறேன். விளக்கில் எண்ணெய் ஊற்றுவது அதற்குப் பிறகுதான். திரி நுனிவரை எண்ணெய் ஏறி நனையும்வரை தீப்பெட்டியைத் தொடுவதில்லை.